மதினியின் பொருத்தம்

எங்கள் ஊரில் பொருத்தம் என்ற சொல்லுக்கும் சாதகக் குறிப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஒருவர் செய்த பிழையை இன்னொருவர் மனதார விட்டுவிடுவது பொருத்தம். ஒரு காரியத்துக்கு உள்ளம் ஒப்பிச் சம்மதிப்பதும் பொருத்தம். தாயின் பொருத்தம், கணவனின் பொருத்தம், எல்லாவற்றுக்கும் மேலே அல்லாஹ்வின் பொருத்தம் என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்கிறோம். ஜனாஸாவை அடக்கத்துக்குத் தூக்குவதற்கு முன்னால் இறந்தவரின் உறவுக்காரர் ஒருவர் வாசலில் நின்று, "இவரு ஆருக்கும் ஏதும் பிழை செஞ்சிருந்தாப் பொருந்திக்கொள்ளுங்க" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்பார்.

அப்படி ஒரு மரண வீட்டில்தான் என் மதினியை முதன்முதலாகச் சரியாகக் கவனித்தேன். எனக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மதினி என்றால் என் கணவரின் ராத்தா, அவருக்கு மூத்த ஒரே சகோதரி. வாசலில் நின்றவர் கேட்டு முடிக்கவில்லை. பெண்கள் இருந்த அறைக்குள்ளிருந்து "பொருத்தம்" என்று ஒரு குரல் போய்விட்டது. பக்கத்தில் இருந்த வயதான பெண் அந்தத் துக்கத்திலும் மதினியை முழங்கையால் இடித்தாள்.

"மவுத்தானவர ஒனக்குத் தெரியுமா புள்ள?"

"தெரியா."

"அப்ப அவரு ஒனக்கு என்ன செஞ்சாரெண்டு பொருத்தம் குடுக்காய்?"

"என்னவும் செஞ்சிருந்தா?" என்றார் மதினி.

சாய்ந்தமருதில் எங்கள் வீட்டுக்கு அடுத்த ஒழுங்கையில் அவருடைய வீடு. முன்னறையில் தையல் மெசின். பெண்கள் உடுப்புக்கு மேல் போடுகிற கறுப்பு அங்கியான ஹபாயா தைப்பதில் அவருக்குப் பெயர் இருந்தது. ஒருமுறை பெருநாளுக்கு முதல் நாள், அவர் தைத்துக் கொடுத்த ஹபாயாவோடு ஒரு பெண் சண்டைக்கு வந்தாள். துணி சுருங்கிக் கருகிவிட்டதாம், மதினி மலிவுத் துணி வாங்கித் தைத்துவிட்டாராம். ஒழுங்கைக்கே கேட்கும்படி கத்தினாள். மதினி ஒன்றும் பேசாமல் வாங்கி வைத்து, கருகிய பாகத்தை வெட்டி எடுத்துவிட்டு லேஸ் பிடித்துக் கொடுத்தார். பெருநாள் கழிந்து அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு வந்தாள். வீட்டில் மகள் இஸ்திரிக்கைப் பெட்டியை மறந்துபோய் அதன் மேல் வைத்துவிட்டது அவளுக்குப் பிறகுதான் தெரிந்திருக்கிறது.

"ராத்தா, என்னப் பொருந்..."

"பொருத்தம், பொருத்தம். இரி, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ."

வந்தவளுக்கு மன்னிப்புக் கேட்டு முடிக்கக்கூட இடம் கிடைக்கவில்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு என்னவோ பறிகொடுத்தவள் மாதிரித்தான் போனாள்.

நூல் விசயத்தில் மட்டும் மதினி பொருத்தம் கொடுக்கவே மாட்டார். கல்முனை பஸாருக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போவார். துணியின் கந்தல் ஒன்றைக் கைக்குள் வைத்திருப்பார். கடைக்காரர் எடுத்துப் போட்ட நூலை வாங்கிக்கொண்டு கடைக்கு வெளியே வெயிலுக்கு வந்து, துணியின் மேல் நூலை வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். உள்ளேயிருந்து கடைக்காரர் கத்துவார்.

"கறுப்புக்குக் கறுப்புத்தானே ராத்தா! கடலுக்குள்ள கொண்டு போய்ப் பாக்கச் சொன்னாலும் பாப்பீங்க போல!"

"கறுப்பில எத்தின கறுப்பு இரிக்கி தம்பி. துணி சிவப்புப் பாஞ்ச கறுப்பு. ஒங்கட நூல் பச்ச பாஞ்சது. கடைக்குள்ள ஒண்டுதான், வெயிலுக்க வந்தாத் தெரியும்."

நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கூடவே நிற்பேன். இவ்வளவு பார்க்கிறவர் மனிதர்களிடத்தில் ஏன் ஒன்றையும் பார்ப்பதில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

அவருடைய கணவர், என் மச்சான், பொத்துவில் பக்கம் வியாபாரத்துக்குப் போய் வருகிறவர். இன்னொரு கல்யாணம் முடிக்க வேண்டும் என்று அங்கே ஆசை வந்தது. ஒருநாள் மதினி மீன் கழுவிக்கொண்டிருந்தபோது குசினி வாசலில் நின்று அவரிடம் பொருத்தம் கேட்டாராம். மதினி கொடுத்துவிட்டார். சில நாள் கழித்து அவரே ஒரு துணியைக் கொண்டுவந்து, புதுப்பெண்ணுக்கு ஹபாயா தைத்துத் தரச் சொல்லியிருக்கிறார். அதையும் தைத்தார். அதற்கும் வெயிலில் நின்று நூல் தேடினார். அன்றைக்கும் கூட நின்றவள் நான்தான்.

"மதினி, மனசுக்குள்ள ஒண்டும் இல்லயா?" என்று கேட்டேன்.

"மனசுக்குள்ள என்னவும் கிடக்கட்டும் புள்ள. கேட்டாக் குடுக்கிறதுதான் பொருத்தம்."

என் கணவர் தன் ராத்தாவைப் பற்றி ஒரு பகிடி சொல்வார். "ராத்தாட்டப் போய் உசிரக் கேட்டாலும், பொருத்தம் தம்பி, எந்தப் பேக்கில போட்டுத் தர எண்டு கேப்பா." எல்லோரும் சிரிப்போம். மதினியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்.

பிறகு அந்தப் பகிடியை அவர் சொல்வதில்லை.

நற்பிட்டிமுனை வயல்காரர்களிடம் நெல் வாங்கி அரிசியாக்கி விற்கிறவர் என் கணவர். மூடையைத் தோளில் போட்டுக்கொண்டு லொறிக்கு ஏறுகிற உடம்பு. ஒரு போகம் முடியும்போது கால் வீங்கியது, முகம் ஊதியது, சோற்றைக் கண்டால் ஓங்காளித்தார். பரிசோதித்தபோது இரண்டு கிட்னியும் சுருங்கிப் போயிருந்தன. ரத்த அழுத்தம் பல காலமாக அவருக்கே தெரியாமல் அரித்திருக்கிறது. கிழமையில் மூன்று முறை ஆஸ்பத்திரியில் மெசினில் கிடந்து ரத்தத்தைச் சுத்திகரிக்க வேண்டியதாயிற்று. ஊசி ஏற்றுவதற்காக அவருடைய கையில் இரண்டு ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்தார்கள். அந்த இடம் எந்நேரமும் உள்ளே அதிர்ந்துகொண்டிருக்கும். மகள் அதில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "வாப்பாட கைக்குள்ள பூனை கத்துது" என்பாள். மகன் அப்போது தவழ்கிற பிள்ளை.

மெசினில் இப்படியே வைத்திருக்கலாம், ஆனால் நெடுங்காலத்துக்கு நம்பமுடியாது, யாராவது ஒரு கிட்னி தந்தால் நல்லது என்று டொக்டர் சொன்னார். என் கணவருக்கு ஓ வகை ரத்தம், எனக்கு பி வகை. ஓ ரத்தம் எல்லோருக்கும் கொடுக்கும், தன் இனத்திடம் மட்டுமே வாங்கும் என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நானே கரும்பலகையில் எழுதுகிறவள். தெரிந்திருந்தும் என்னையும் பாருங்கள் என்று போனேன். பார்க்காமல் விட்டுவிட்டேன் என்று பிறகு என் மனம் சொல்லக்கூடாது. மாமிக்கு, கணவரின் உம்மாவுக்கு, வயது போய்விட்டது. கணவரின் தம்பிக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. மிஞ்சியது மதினி, அவருக்கும் ஓ ரத்தம்தான்.

கணவர் கேட்கவில்லை. கேட்க வாய் வரவில்லை அவருக்கு. மாமிதான் போய்க் கேட்டார். நானும் பின்னால் நின்றேன். மாமி மகளின் தையல் மெசினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "மகள், தம்பிக்கு..." என்று தொடங்கினார்.

"பொருத்தம் உம்மா. அழாதீங்க."

மாமி மகளை முத்தமிட்டார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். சந்தோஷம்தான். என் பிள்ளைகளுக்கு வாப்பா கிடைத்துவிட்டார் என்ற சந்தோஷம். ஆனால் அந்தச் சொல் வந்த வேகம் எனக்குத் தெரிந்த வேகம். கருகின ஹபாயாவுக்கு வந்த அதே வேகம். எனக்கு வஸ்வாஸ், தீராத சந்தேகம் என்று என் உம்மா ஏசுவார். தொழுகைக்கு வுழூச் செய்துவிட்டு, கால் சரியாக நனைந்ததா என்று திரும்பப் போய்க் கழுவுகிற ஆள் நான். இதுவும் வஸ்வாஸ்தான் என்று மனதை அடக்கிக்கொண்டேன்.

பரிசோதனைகளுக்குக் கண்டியில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மகியங்கனை வளைவுகளில் பஸ் ஏறும்போது மதினி குமட்டலுக்குத் தேசிக்காயை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். ஆஸ்பத்திரியில் எங்களுக்கு வாய்த்த தாதி மலைநாட்டுத் தமிழ்ப் பெண். இந்த வேலைகளை ஒழுங்கு செய்கிறவர் அவர்தான். டொக்டருக்குச் சிங்களத்திலும் எங்களுக்குத் தமிழிலும் சொல்வார். கொடுக்க முன்வந்த ஒவ்வொருவரையும் தனியறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்திப் பேசினார். என்னிடம் சொன்னது இது:

"இங்க பேசுறது இந்த ரூமை விட்டுப் போகாது டீச்சர். மனசில்லன்னா தயங்காம சொல்லுங்க. வெளியில நாங்க பொருந்தலன்னு மட்டும்தான் சொல்லுவோம். ஏன், எதனாலன்னு யாரு கேட்டாலும் சொல்லமாட்டோம்."

பிறகு என் ரத்த வகையைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு அந்தக் கஷ்டமே இல்ல" என்று சிரித்தார்.

மதினி உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தார். "நல்ல மனசு உங்க மதினிக்கு. நான் பேசி முடிக்கவே இல்ல, பொருத்தம் பொருத்தம்னுட்டாங்க" என்றார் தாதி. அந்தப் பெண்ணின் தமிழில் அதற்கு என்ன அர்த்தமோ தெரியாது. டொக்டரிடம் திரும்பி, அவருக்குச் சம்மதம் என்று சிங்களத்தில் சொன்னார்.

சில வாரங்களில் முடிவு வந்தது. எங்கள் உடம்பின் ஒவ்வொரு உயிரணுவின் மேலும், இது நான்தான் என்று அறிவிக்கிற மூலக்கூறுகள் இருக்கின்றன. பாதியை உம்மாவிடமிருந்தும் பாதியை வாப்பாவிடமிருந்தும் எடுத்துக்கொண்டு பிறக்கிறோம். அந்நியமான அடையாளத்தைக் கண்டால் உடம்பு சண்டைக்கு நிற்கும். மதினிக்கும் என் கணவருக்கும் பாதிதான் ஒத்திருந்தது. ஆனால் ஒவ்வாத பாதியும் தூரமில்லை என்றார் டொக்டர். முன்பெல்லாம் மூலக்கூறின் பெயரை மட்டும் ஒப்பிடுவார்களாம். இப்போது அதன் மேல் துருத்திக்கொண்டிருக்கிற நுண்ணிய துணுக்குகளைக் கணினியில் ஒவ்வொன்றாக ஒப்பிடுகிறார்கள். உடம்பு சண்டை பிடிப்பது அந்தத் துணுக்குகளோடுதான். இவர்கள் இருவருக்கும் அதில் வித்தியாசம் குறைவு.

வரும் வழியில் பஸ்ஸில் இதை மதினிக்கு விளங்கப்படுத்தப் பார்த்தேன். மூலக்கூறு என்றதும் கண் சொருகினார். நான் வேறு வழியில் போனேன்.

"ரெண்டும் கறுப்பு எண்டு பேர் மட்டும் பாத்துச் சேக்கிறது முந்தி மதினி. இப்ப வெயிலுக்க கொண்டு வந்து பாக்காங்க, சிவப்புப் பாஞ்சதா பச்ச பாஞ்சதா எண்டு."

அவர் கண்ணைத் திறந்தார். "அப்ப நானும் இவனும் ஒரே கறுப்பா?"

"கிட்டத்தட்ட."

"சின்னதில அடிபிடிப்பட்ட அடிக்கு ஆரு நம்புவா?" என்று முன் இருக்கையில் தூங்கிக்கொண்டிருந்த தம்பியின் தலையைப் பார்த்துச் சிரித்தார். பிறகு தேசிக்காயை எடுத்துக்கொண்டு யன்னல் பக்கம் திரும்பிவிட்டார். வீடு வரும்வரை திரும்பவில்லை.

இனி ஒரு பரிசோதனைதான் பாக்கி. என் கணவரின் ரத்தத்திலுள்ள நீர்ப்பகுதியையும் மதினியின் உயிரணுக்களையும் ஒரே குழாயில் விட்டு, தாக்குகிறதா என்று பார்ப்பது. இடைப்பட்ட அந்த நாட்களில் எனக்கு நித்திரை இல்லை. பாடம் நடத்தும்போதும் பிள்ளைக்குச் சோறு தீத்தும்போதும் ஒரே கேள்விதான். மதினி உண்மையாகவே கொடுக்கிறாரா, கேட்டதால் கொடுக்கிறாரா? அவரிடம் கேட்டால் என்ன ஆகும்? கேட்காமல் விட்டால்? ஒரு மனிதரின் வயிற்றை வெட்டி எடுத்ததை என் வீட்டில் வைத்துக்கொண்டு, அது கொடுத்ததா எடுத்ததா என்று தெரியாமல் எத்தனை வருடம் இருப்பேன்? தொழுதுவிட்டுக் கையை ஏந்தினால் எதைக் கேட்பது என்று தெரியவில்லை. அவர் மனம் இரங்கட்டும் என்றா, அவர் மனப்படி நடக்கட்டும் என்றா? இரண்டையும் ஒன்றாகக் கேட்க வாய் கூசியது.

ஒரு பின்நேரம் மகளின் பாடசாலைச் சட்டையைத் தைக்கக் கொடுக்கிற சாட்டில் போனேன். மதினி தையல் மெசினில் இருந்தார்.

"மதினி, ஒண்டு கேப்பன். பொருத்தமா எண்டு கேக்கல்ல. ஒங்களுக்கு விருப்பமா?"

"என்னடி, மாப்பிள பாக்கியா எனக்கு?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவர் கால் மெசினில் நின்றது.

"விருப்பமெண்டு எப்பிடிப் புள்ள சொல்ற? வகுத்த வெட்டுறதுக்கு ஆருக்கு விருப்பம்? எனக்குப் பயம். கண்ண மூடினா, அந்தக் கட்டில்ல கிடக்கிற மாதிரித்தான் தெரியிது. மூணு புள்ளையையும் வீட்டுலதான் பெத்தன், ஆஸ்பத்திரி வாசல் மிரிக்காத ஆள் நான்."

"அப்ப அந்த ரூமுக்குள்ள சொல்லியிருக்கலாமே."

"எப்பிடிச் சொல்ற? அந்த மிஸ் சொன்னா தானே. நான் மாட்டன் எண்டா, வெளியில வந்து 'இவ பொருந்தல்ல' எண்டு சொல்லுவாங்களாம். தம்பிக்கு முன்னால. உம்மாக்கு முன்னால. இவ்வளவு காலத்துக்கும் அப்பிடியொரு பேச்சு எனக்கில்ல புள்ள. அதக் கேட்டுக்கொண்டு நான் எப்பிடி நிக்கிற?"

எனக்குக் கொஞ்ச நேரம் விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. பொருந்தல என்று தாதி சொன்னதை, இவர் பொருத்தம் கொடுக்கவில்லை என்று ஊரறியச் சொல்லப்போகிறார்கள் என்று மதினி எடுத்திருக்கிறார். தப்பிப்பதற்கென்று திறந்துவைத்த கதவை, பூட்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அப்போது நான் வாயை மூடிக்கொண்டு சட்டையை வைத்துவிட்டு வந்திருக்கலாம். என் மகள் வாசலில் மதினியின் பூனைக்குட்டியோடு விளையாடிக்கொண்டிருந்தாள். அவளுடைய குரல் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தக் குரல் கேட்கக் கேட்கத்தான் சொன்னேன்.

"மதினி, அது நம்மட பொருத்தம் இல்ல. அவங்கட தமிழில பொருந்தல எண்டா, ரத்தம் சேரல்ல எண்டு அர்த்தம். சோதனையில ஒத்துவரல்ல எண்டுதான் வெளியில சொல்லுவாங்க. நீங்க மாட்டன் எண்டதச் சொல்லமாட்டாங்க."

அவர் என்னையே பார்த்தார்.

"ஆருக்கும் தெரியாதா?"

"தெரியாது."

"தம்பிக்கும்?"

"ஆருக்குமே."

"ஒனக்குத் தெரியும்."

அவர் சட்டையை விரித்து மகளின் அளவுக்கு மடிப்பு வைத்தார். மடிப்பைப் பிரித்து மறுபடி வைத்தார்.

"அது பொய்யாகாதா புள்ள?"

"தெரியா மதினி."

"போ. பின்னேரமாகுது. சட்டைய நாளைக்கு வந்து எடு."

மறுபடி கண்டிக்குப் போன அன்று, ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஒரு வாங்கில் நாங்கள் மூவரும் உட்கார்ந்திருந்தோம். மதினியைக் கூப்பிட்டார்கள். இந்தமுறை உள்ளே அதிக நேரம் இருந்தார். வெளியே வந்து தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பூனை கத்துகிற அந்தக் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். மத்தியானத்துக்குப் பிறகு தாதி வந்தார்.

"கடைசிச் சோதனையில பொருந்தல. கவலப்படாதீங்க. பேரைப் பதிஞ்சு வைக்கிறோம், வேற வழி பாப்போம்."

என் கணவர் தலையை ஆட்டினார். அவ்வளவு நேரமும் அதைத்தான் எதிர்பார்த்திருந்தவர் போல இருந்தது. அழுதது மதினி. அவர் அழுது நான் பார்த்ததில்லை. மச்சான் பொத்துவிலுக்குப் புதுப்பெண்ணிடம் போன நாளில்கூட அழவில்லை. தாழ்வாரத்தில் போனவர்கள் நின்று பார்க்கும்படி அழுதார். "ராத்தா, நீங்க என்ன செய்ற? அல்லாஹ் நாடல்ல" என்று தம்பி முதுகைத் தடவினார். நான் மதினியின் முகத்தைப் பார்க்கப் பார்த்தேன். அவர் முந்தானையை எடுக்கவில்லை.

கணவரும் மதினியும் பஸ்ஸுக்கு நடந்தபோது நான் தாதியின் அறைக்கு ஓடினேன். "மிஸ், ரத்தந்தானா?" என்றேன். அவர் எழுந்து கதவைத் திறந்துவிட்டு, "அதக் கேக்கக்கூடாது டீச்சர்" என்றார். கோபமில்லை. ஆனால் கதவைத் திறந்தபடியே பிடித்துக்கொண்டிருந்தார்.

ரத்தமாகவும் இருக்கலாம். அதற்குச் சில வாரங்களுக்கு முன்னால் என் கணவருக்கு ரத்தம் குறைந்துபோய் இரண்டு பைக்கற் ஏற்றினார்கள். பிறர் ரத்தம் ஏற்றினால் உடம்பில் புதிய எதிர்ப்புகள் உண்டாகலாம், நேற்றுவரை ஒத்துவந்தது இன்றைக்கு ஒத்துவராமல் போகலாம். இதை நான் கற்பனை செய்யவில்லை, டொக்டரே எங்களுக்குச் சொன்னது. அதனால் மதினி ஒன்றும் சொல்லாமலே, குழாய்க்குள் அது நடந்திருக்கலாம். நடந்ததா என்று அறிய எனக்கு ஒரு வழியும் உண்டு. என் கணவரின் ரத்தத்தில் புதிய எதிர்ப்புகள் இருக்கின்றனவா என்று டொக்டரிடம் கேட்டால் போதும். அது அவருடைய ரத்தம், கேட்க எங்களுக்கு உரிமை இருக்கிறது. ஒவ்வொரு கிளினிக்குக்கும் அந்தக் கேள்வியோடுதான் போகிறேன். கேட்காமல் வருகிறேன். ஒன்றும் இல்லை, ரத்தம் சுத்தமாகத்தான் இருக்கிறது என்று அவர் சொல்லிவிட்டால், அதைக் கொண்டுவந்து நான் எந்த இடத்தில் வைப்பேன்?

அதற்குப் பிறகு மதினி எங்கள் வீட்டுக்கு அதிகம் வந்தார். கிட்னி வருத்தக்காரருக்கு உருளைக்கிழங்கை அவித்து, தண்ணியை வடித்துவிட்டு, திரும்பவும் புதுத் தண்ணியில் அவிக்க வேண்டும் என்று யாரிடமோ கேட்டுப் பழகியிருந்தார். மெசினுக்குப் போகிற நாளெல்லாம் அப்படி அவித்த கறியோடு விடியவே வந்துவிடுவார். என் கணவர் வருகிறவர் போகிறவர்களிடமெல்லாம் சொல்வார்: "என்ட ராத்தா கிட்னி தாரதுக்குக் கண்டி வரைக்கும் வந்தவ. அல்லாஹ்ட நாட்டம், பொருந்தல்ல." கேட்டவர்கள் "மாஷா அல்லாஹ், இப்பிடியொரு ராத்தா ஆருக்குக் கிடைக்கும்" என்பார்கள். அந்த நேரம் மதினி ஏனத்தைக் கழுவப் போய்விடுவார். நான் கறியைப் பரிமாறிக்கொண்டிருப்பேன். எங்கள் இருவருக்கும் அந்தக் குசினி போதாமல் இருந்தது.

எனக்கு அவர் மேல் கோபமா என்று கேட்டுப் பார்த்திருக்கிறேன். சில நாள் இல்லை. பயந்த ஒரு மனுஷி, அவ்வளவுதான். அவருடைய உடம்பு அவருடையது. அதை அவருக்குச் சொன்னவளே நான். சில நாள், கணவர் மெசினிலிருந்து வந்து சுருண்டு கிடக்கிறபோது, மகன் அவர் மேல் ஏறி விளையாட, அவர் "மெல்ல வாப்பா, மெல்ல" என்று கெஞ்சுகிறபோது, இருக்கிறது. ஊரில் அத்தனை பேருக்கும் கொடுத்தாரே என்று இருக்கிறது. பிறகு, கொடுக்காமல் விடலாம் என்று அவருக்குக் காட்டியது யார் என்ற கேள்வி வரும். அதோடு திரும்பத் தொடங்கிய இடத்துக்கே வருவேன்.

போன வருடம் டோஹாவிலிருக்கிற மதினியின் மகள், உம்மாவை மக்காவுக்கு உம்றா செய்ய அனுப்பி, அப்படியே தன்னிடம் கூப்பிட ஒழுங்கு செய்தாள். உம்றாவுக்குப் போகிறவர்கள் வீடு வீடாகப் போய்ப் பொருத்தம் கேட்டுவிட்டுத்தான் போவார்கள். மதினியும் போனார். எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டுக்கும் போய்விட்டுக் கடைசியாக எங்கள் வீட்டுக்கு வந்தார். மாமியும் கூட வந்திருந்தார். தம்பியின் முன்னால் போய் நின்று, "பொருந்திக்க தம்பி" என்றார். அவர் ராத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நானல்லவா ஒங்கட்டக் கேக்கணும் ராத்தா" என்று விம்மினார். மாமியும் அழுதார்.

பிறகு மதினி என் பக்கம் திரும்பினார்.

"நீயும் பொருந்திக்க புள்ள."

"எதுக்கு மதினி?" என்று நான் கேட்டிருக்கலாம். வழக்கத்துக்குக் கேட்கிறாரா, அதற்காகக் கேட்கிறாரா என்று தெரிந்திருக்கும். மாமி பார்த்துக்கொண்டிருந்தார். கணவர் ஈரக் கண்ணோடு பார்த்துக்கொண்டிருந்தார். மகன் என் காலைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"பொருத்தம் மதினி" என்றேன். அவர் கேட்டு வாய் மூடவில்லை, நான் சொல்லிவிட்டேன்.

அவர் கிட்ட வந்து என்னைக் கட்டிப் பிடித்தார். காதுக்குள்ளே, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னார்.

"இவ்வளவு கெதியாச் சொல்லாத புள்ள. யோசிச்சிச் சொல்லு. நான் காத்திருப்பன்."

அவர் போய்விட்டார். உம்றாவை முடித்துக்கொண்டு டோஹாவில் மகளோடு இருக்கிறார். தம்பி மெசினுக்குப் போய் வருகிற நாட்களில் தவறாமல் போனில் கோல் எடுப்பார். தம்பியோடு கதைத்துவிட்டு என்னிடம் கொடுக்கச் சொல்வார். பிள்ளைகளின் பாடத்தைக் கேட்பார். கடல் எப்படி, மழை எப்படி என்று கேட்பார். சம்பாப் பச்சையரிசி அங்கே கிடைக்கவில்லை என்பார்.

நேற்றும் எடுத்தார். எல்லாம் கதைத்து முடிந்து, சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் இரண்டு பக்கமும் கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது.

"ம்... வேற?" என்றார்.

"வேற ஒண்டுமில்ல மதினி" என்றேன்.

"சரி புள்ள. நாளண்டைக்கு எடுக்கன்" என்றார்.